பாலைவனத்து அட்டை

பாலைவனத்தில் அட்டையை ஊரவிட்ட முட்டாள் யாரென்று கேட்டால், தயங்காமல் என்னைக் காட்டலாம்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு கொழும்புப் பத்திரிகைக்குப் பதுளை நிருபராக இருந்தேன். பஸ் பள்ளத்தில் இறங்கினால், மண் சரிந்தால் எழுத வேண்டும். எனக்கோ வெளிநாட்டுச் சண்டையில்தான் ஆசை. வாசிகசாலையில் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைக் கரைத்துக் குடிப்பேன்; சிற்றலை வானொலியின் கரகரப்புக்கு நடுவே எந்தப் படை எங்கே நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். தேநீர்க் கடையில் யாராவது "மழை வருமா?" என்று கேட்டால் மத்திய கிழக்கு நிலவரம் சொல்லுவேன்.

அங்கே சண்டை மூண்டதும் கை சும்மா இருக்கவில்லை. கட்டுரை எழுதினேன். அன்றுதான் மண்சரிவுச் செய்திக்காக ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வந்திருந்தேன். அட்டை கடித்த காலில் ரத்தம் நின்றபாடில்லை. அந்த எரிச்சல் பேனாவில் இறங்கிவிட்டது: 'அட்டைக்கடியையும் பொருட்படுத்தாமல் வீரர்கள் மணல்மேட்டில் ஏறினார்கள்.' தலைப்பின் கீழே கூச்சமே இல்லாமல், 'போர்முனையிலிருந்து நமது நிருபர்' என்றும் போட்டுக்கொண்டேன். கொழும்பில் யார் கண்ணிலும் படாமல் அது அப்படியே அச்சேறியது.

அந்தச் சமயம்தான் கொஸ்லந்த பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கணக்கப்பிள்ளை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் என் கட்டுரையை உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். வரப்போகிற மருமகன் அல்லவா!

நானும் என் அப்பாவும் போய் இறங்கியதும் ஒரு கூட்டமே சூழ்ந்துகொண்டது.

"குண்டு பட்ட எடத்தக் காட்டுங்க மாப்பிள்ள!" என்றார் ஒரு கங்காணி.

"அந்த ஊர்லயுமா அட்டை? பாவம், அந்தப் புள்ளைங்களுக்கு அட்டை மேல போட உப்பு கட்டிக் குடுத்துவிட ஆளில்லையா?" என்று கொழுந்தெடுக்கிற ஓர் அம்மா அங்கலாய்த்தார்.

நான் காலரைச் சரிசெய்துகொண்டேனே தவிர, மறுக்கவில்லை.

வீட்டுக்குள் பெண்ணின் அம்மா பலகாரத் தட்டைக் கீழே வைக்காமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

"சண்டைக்குப் போற ஆளுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கணுமா? இந்தச் சம்மந்தம் வேணாங்க."

கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். கதவிடுக்கில் ஒரு சேலைத் தலைப்பு அசைந்தது. வீரனாக வீடு திரும்புவதா, கோழையாகிக் கல்யாணம் கட்டுவதா? எனக்கு யோசனையே தேவைப்படவில்லை.

"அம்மா, நான் சண்டையக் கண்ணால பாத்ததே இல்லீங்க. ரேடியோ கேட்டு எழுதுனது. பெரகல வளைவுல பஸ் திரும்பினாலே வாந்தி எடுக்கிற ஆளு நான்."

"இன்னைக்கும் எடுத்தான்" என்றார் அப்பா, சாட்சிக்கூண்டில் நிற்பவரைப் போல.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா தம்பி!" தட்டு இறங்கியது, முறுக்கு இரண்டு கூடுதலாகவே வந்தது. கணக்கப்பிள்ளைக்குத்தான் முகம் செத்துவிட்டது. "வெளிய சொல்லிடாதீங்க மாப்பிள்ள, நாளைக்கு நான் பெரட்டுக்குப் போகணும்" என்று என் காதோடு கெஞ்சினார்.

பெரியவர்கள் சம்மதித்தாயிற்று. பெண்ணின் வாய்ச்சொல்தான் பாக்கி. கதவைப் பார்த்து, "உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?" என்று கேட்டேன்.

"குடித்தனம் மட்டும் பாலைவனத்துல வேணாம், அங்க அட்டை ஜாஸ்தி."