பெரிய சுவரும் ஊதாத் துணியும்

வீட்டைப் பார்த்துக்கொள்வது என்கிற உத்தியோகத்தில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் மேலதிகாரிகள். வாடகை வீடுகளில் இந்த உத்தியோகத்தை ஓரளவு மானத்தோடு பார்த்துவந்த என்னை, தொண்ணூறுகளின் நடுவில் மந்தைவெளியில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டின் ஹால் சுவர்தான் தலைகுனிய வைத்தது. அதில் ஜன்னல் கிடையாது, அலமாரி கிடையாது, ஒரு மாடம் கூடக் கிடையாது. கட்டியவர் அந்தப் பக்கம் வருவதற்குள் களைத்துப்போயிருப்பார் என்று நினைக்கிறேன். வாசல் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சுவர் வாய்த்திருந்தால் நான் சொல்வது புரியும். வாய்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

முதல் வரிசை

என் கணவர் லாரன்ஸ் பாங்கில் வேலை பார்ப்பவர். எதையும் நேர்க்கோட்டில் வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. எங்கள் கல்யாண போட்டோ, பையன் கோவிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை போட்டோ, வேளாங்கண்ணியில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த குரூப் போட்டோ, பாங்க் காலண்டர் என்று வரிசையாக மாட்டினார். திரு இருதய ஆண்டவர் படம் மட்டும் பக்கத்துச் சுவரில், சிவப்பு பல்போடு தனியாக. எட்ட நின்று பார்த்தேன். பெரிய பார்சல் மேல் தபால்தலை ஒட்டியது போல இருந்தது.

முதலில் பார்க்க வந்தவர் ரெஜினா அக்கா. லாரன்ஸின் மூத்த சகோதரி, அடுத்த தெரு, எங்கள் பங்குக் கோவிலின் ஜெபக் குழுவுக்குத் தலைவி. என் கல்யாணத்தன்று என் ரவிக்கையின் கை நீளத்தைப் பற்றிப் பேசியவர், அதற்குப் பிறகு எதைப் பற்றியும் பேசாமல் விட்டதில்லை. சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் பிலோ, வீடு மாத்தினதுல பாதிப் படம் தொலைஞ்சு போச்சா?"

தி. நகர் நீர்வீழ்ச்சி

ரோஷத்தோடு தி. நகருக்குப் போனேன். பெரிய சுவருக்கு எடுப்பாக ஒரு படம் வேண்டும் என்றதும் கடைக்காரப் பையன் ஒரு சுருளைத் தரையில் உருட்டினான். கடை முழுக்க நீர்வீழ்ச்சி. பின்னால் பனிமலை, பக்கத்தில் மஞ்சள் இலை மரங்கள், ஒரு மரப்பாலம். அப்போது அடையாறில் பாதிப் பேர் வீட்டில் இந்தப் பாலத்தைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அதன் மேல் நடந்தால் தாங்காது. எனக்கு இது வேண்டாம், கண்ணை நிறுத்துகிற மாதிரி ஏதாவது காட்டு என்று கான்வென்ட் இங்கிலீஷில் ஒரு அதட்டல் போட்டேன். அவன் இன்னும் பெரிய நீர்வீழ்ச்சியை எடுத்துவந்தான்.

"ஏம்ப்பா, நான் காலையில லாரித் தண்ணிக்குக் குடம் வெச்சுட்டு வந்து நிக்கிறேன், என்கிட்ட போய் அருவியைக் காட்டறியே" என்றேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. "குழாய்லதான் வரல, செவுத்துலயாவது வரட்டுமே மேடம்."

மீன் தொடாதவள் வரைந்த மீன்

கஸ்தூரி என்னோடு கான்வென்டில் படித்தவள். மயிலாப்பூரில் பிறந்து அடையாறில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு மாடி அறையில் படம் வரைய ஆரம்பித்து, ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன ஹாலில் முதல்முறையாகக் கண்காட்சி வைத்திருந்தாள். நான் போனபோது அவளும் வாட்ச்மேனும் மட்டும் இருந்தார்கள். கடைசிச் சுவர் முழுக்க ஒரே படம். ஒரு மீன்காரி. பின்னணி முழுக்கக் குங்குமச் சிவப்பு. முழங்காலுக்கு மேல் புடவையைச் சுருட்டிச் செருகிக்கொண்டு அரிவாள்மனைக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். கையில் ஒரு முழு வஞ்சிரம். தலையை மட்டும் நிமிர்த்தி, வாங்க வந்தியா வேடிக்கை பார்க்க வந்தியா என்று கேட்கிற பார்வை. அசந்துபோய், "இது என் சுவருக்கு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தி. நகரில் புதிதாகக் கட்டுகிற ஓட்டலுக்குப் படங்கள் தேர்ந்தெடுக்கிற ஒரு அம்மாள் இதைப் பார்த்துவிட்டு, மனுஷர் புழங்குகிற வீட்டில் மாட்டிக் காட்டுங்கள், நன்றாக இருந்தால் ஓட்டலுக்கு வரையச் சொல்கிறேன் என்றாராம். அந்த வேலை கிடைக்காவிட்டால் மாடி அறையை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று கஸ்தூரியின் கணவர் சொல்லியாயிற்று. அங்கே வாடகைக்கு ஆள் வைக்கப் போகிறார். "உன் வீட்டிலேயே மாட்ட வேண்டியதுதானே?" என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். "எங்காத்துல எப்படிடி மாட்டறது? எங்க மாமியார் இந்தப் படத்தைத் தாண்டறச்சே மூக்கைப் பொத்திண்டு போறா."

டிரில் போட வந்தவர்

நம் வீடுகளில் எந்தப் படமானாலும் உத்தரத்துக்குக் கீழே, கொஞ்சம் முன்னால் சாய்த்து மாட்டுவதுதான் வழக்கம். பார்க்கிறவர் அண்ணாந்து கும்பிட வசதி. லாரன்ஸும் அப்படித்தான் மாட்டச் சொன்னார். நான் விடவில்லை. பார்க்கிறவர் கண்ணும் படத்தின் கண்ணும் நேருக்கு நேர் இருக்க வேண்டும் என்று வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்ததை எடுத்துவிட்டு, டிரில் போட வந்த மணியை மூன்று இடத்தில் துளை போடவைத்து, ஒருவழியாக மாட்டினோம். மீன்காரி ஹாலில் எங்கே உட்கார்ந்தாலும் பார்த்தாள். லாரன்ஸ் தட்டோடு நாற்காலியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

மணி ஏணியை மடக்கிக்கொண்டே படத்தை ஒருமுறை பார்த்தார், லாரன்ஸை ஒருமுறை பார்த்தார். "இனிமே சார் லேட்டா வந்தா நீ ஒண்ணியும் கேக்க வேணாம்மா, இந்தம்மாவே கேட்டுக்கும்."

ஊதாத் துணி

இதெல்லாம் நடந்தபோது ரெஜினா அக்கா மகள் பிரசவத்துக்காகத் திருச்சி போயிருந்தார். திரும்பி வந்ததும் டெலிபோனில் உத்தரவு போட்டார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபம் இந்த வருஷம் என் வீட்டில்தான், என் ஹால்தான் பெரிசு. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் எதிரே குங்குமச் சிவப்பில் ஒரு தொடை. அதன் முன்னால் பங்குப் பெண்கள் முழந்தாள் படியிடுவதை நினைத்துப் பார்த்தேன். கலை, துணிச்சல் என்று நான் பேசிய பேச்செல்லாம் ஆழ்வார்பேட்டையோடு சரி என்று அப்போது தெரிந்தது. பையன் அறை ஜன்னலுக்கு வாங்கி வைத்திருந்த துணியை எடுத்து, படத்தை மேலிருந்து கீழ்வரை மூடிக் குத்திவிட்டேன்.

துணி ஊதா நிறம் என்பது பெண்கள் உள்ளே வந்தபோதுதான் உறைத்தது. தவக்காலக் கடைசியில் கோவிலில் சுரூபங்களையும் படங்களையும் ஊதாத் துணி போட்டு மூடுவார்கள், உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டரன்றுதான் திறப்பார்கள். வந்தவர்கள் துணியைப் பார்த்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருவர் கிட்டே போய்த் துணியைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தார். உடனே எல்லோரும் வரிசை கட்டினார்கள். அவர்கள் கை பட்ட இடத்தில், என் கணக்குப்படி, வஞ்சிரத்தின் வால் இருந்தது. என்ன படம்மா என்று ஒருவர் கேட்டார். "பெரிய படம்" என்று சொல்லிவிட்டுக் காபி போட ஓடினேன். ரெஜினா அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது சமையலறை வரைக்கும் வந்தது. "கோவில்ல ஃபாதருக்கே இன்னும் தோணல, எங்க பிலோவுக்குத் தோணிடுச்சு பாருங்க."

நாலு மணிக்கு வந்தவர்கள்

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. எல்லா வெள்ளிக்கிழமையும் என் வீட்டிலேயே என்று ஆகிவிட்டது. என்னைப் பார்த்துப் பங்கில் பலர் வீட்டுப் படங்களை மூட ஆரம்பித்தார்கள். துணிக்கடையில் ஊதா தீர்ந்துவிட்டது என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அப்போதுதான் கஸ்தூரி போன் செய்தாள். ஓட்டல் அம்மாள் வருகிறார், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத்தான் அவருக்கு ஒழியும். ஜெபம் ஆறு மணிக்கு. இவர்களுக்குத் திறந்து காட்டிவிட்டு அவர்களுக்கு மூடிவிடலாம் என்று நினைத்துச் சரி என்றேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறப்போகிறேன், கையில் பாயும் கூட இரண்டு பெண்களுமாக ரெஜினா அக்கா வந்து நிற்கிறார், ஹாலை ஒழுங்கு பண்ணவாம். அவர்களுக்குப் பின்னாலேயே கஸ்தூரியும் ஓட்டல் அம்மாளும்.

"படம் இதுக்குள்ளதான் இருக்கா? பார்க்கலாமா?" என்றார் அந்த அம்மாள். "ஈஸ்டர் வரைக்கும் திறக்க மாட்டாங்கம்மா, எங்க பிலோ அதுல ரொம்பக் கண்டிப்பு" என்று ரெஜினா அக்கா எனக்காகப் பதில் சொன்னார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். துணியை இரண்டு பின்தான் பிடித்திருந்தது, ஓர் இழுப்பு போதும். நான் "ஆமாம்" என்றேன். ஓட்டல் அம்மாள் மரியாதையாகக் காபி குடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். கஸ்தூரி எங்கள் கான்வென்ட் சாப்பலில் வருஷா வருஷம் ஊதாத் துணியைப் பார்த்தவள். எப்போது போடுவார்கள், எதன் மேல் போடுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "எங்க மாமியார் மூக்கைத்தான் பொத்திக்கறா பிலோ, நீ ஆளையே மூடிட்டே."

உயிர்ப்பு ஞாயிறு

துணியைத் திறக்கும்போது எல்லோரும் கூட இருக்க வேண்டும் என்று ஜெபக் குழு முடிவு செய்தது. பங்கு ஃபாதரும் வருவதாக ஏற்பாடு. ரெஜினா அக்கா கேக்குக்குச் சொல்லிவிட்டார். திரு இருதயப் படத்தைக் கழற்றி ஊதாத் துணிக்குள்ளே மாட்டிவிட்டால் என்ன என்று லாரன்ஸ் யோசனை சொன்னார். மனசாட்சி தடுத்தது என்று எழுத ஆசைதான். தடுத்தது அளவு. அத்தனை பெரிய துணிக்குள் அந்தச் சின்னப் படம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். வேறு வழி தெரியாமல் கஸ்தூரிக்குப் போன் செய்து வரச்சொன்னேன். அவள் வந்து, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள்.

அல்லேலூயா பாட்டோடு ரெஜினா அக்காவே துணியை இழுத்தார். பாட்டு பாதியில் நின்றது. ஃபாதர் சின்ன வயசு, நல்ல மனுஷர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பேதுருவுக்கு மாமியார் இருந்தாங்கன்னு சுவிசேஷத்துல வருது, மீனவக் குடும்பம், அவங்களா இருக்கலாம்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவங்கதான் ஃபாதர்" என்றேன்.

"இல்லை ஃபாதர்" என்று பின்னாலிருந்து கஸ்தூரி சொன்னாள். "மந்தைவெளி மார்க்கெட்ல மீன் விக்கறாளே பவுனம்மா, அவதான் இது. நான்தான் வரைஞ்சேன்."

ரெஜினா அக்கா படத்துக்குக் கிட்டே போனார். நான் சுவரோரம் பார்த்துக்கொண்டு நின்றேன். "அதானே பார்த்தேன்" என்றார் அக்கா. "எடை சரியா போடுன்னா இப்படித்தான் மொறைப்பா." அவ்வளவுதான், கூட்டம் படத்தை மொய்த்துவிட்டது. ஒருத்தர், எனக்குப் போன வாரம் பழைய இறாலைக் கட்டிவிட்டாள் என்றார். இன்னொருத்தர், மூக்குத்தி அந்தப் பக்கம் என்று கஸ்தூரியோடு சண்டைக்குப் போனார். கஸ்தூரி விடாமல் பதில் சொன்னாள். தொடையை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை. ஊதாத் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்த ஹாலில் கூச்சத்தோடு நின்றவள் நான் ஒருத்திதான். மீன் நாற்றம் எனக்கு ஆகாது, எங்கள் வீட்டில் மார்க்கெட் போகிறவர் லாரன்ஸ். "உங்களுக்கு இவளைத் தெரியுமா?" என்று அவரிடம் கேட்டேன். "மாட்டின அன்னிக்கே தெரியும். நீ ஆர்ட்டுன்னு சொன்னே, அதான் நான் ஒண்ணும் பேசல."

அடுத்த தெரு

மறுவாரம் கஸ்தூரி ஆள் அனுப்பிப் படத்தை எடுத்துக்கொண்டாள். அடையாறுக்குப் போகிறது என்று நினைத்தேன். போனது அடுத்த தெருவுக்கு. உயிர்ப்பு ஞாயிறு சாயங்காலமே ரெஜினா அக்கா அவளிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். அக்கா வீட்டு ஹால் சின்னது. படம் சோபா முதுகிலிருந்து கூரை வரைக்கும் நிற்கிறது, அலமாரிக் கதவு பாதிக்கு மேல் திறக்காது. ஓட்டல் அம்மாளைக் கஸ்தூரி அங்கேதான் கூட்டிவந்து காட்டினாள். ஜெபக் குழுப் பெண்கள் பவுனம்மாவின் முன்னால் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே பேசிய பேச்சை அந்த அம்மாள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாராம். ஓட்டல் வேலை கஸ்தூரிக்கே கிடைத்தது, மாடி அறையும் தப்பித்தது. இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கஸ்தூரி எனக்குப் போன் செய்வதில்லை. நான் செய்தால், ஓய்வில்லாமல் வரைவதாக அவள் மருமகள்தான் சொல்கிறாள்.

அடுத்த தவக்காலத்தில் சிலுவைப் பாதை ரெஜினா அக்கா வீட்டில். போகாமல் இருக்க முடியுமா? நான் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன். எல்லோரும் முழந்தாளில் இருக்கிறார்கள், மேலே பவுனம்மா அதே சிவப்பில், அதே தொடையோடு, ஒரு கைக்குட்டை கூட மறைக்காமல். ஜெபம் முடிந்ததும் அக்காவின் காதில், "இன்னிக்கு ஒரு நாளாவது ஒரு துணி போட்டிருக்கலாமே அக்கா" என்றேன். அவர் குரலைத் தணிக்கவே இல்லை. "தவக்கால வெள்ளியில கறிதான் கூடாது பிலோ, மீனுக்கு என்னிக்குத் தடை?"

பெரிய சுவர் வைத்திருக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: படத்தைத் தேர்ந்தெடுக்கிற தைரியம் ஒரு மத்தியானத்துக்கு இருந்தால் போதும், அதன் கீழே உட்கார்ந்து வந்தவர்களுக்குக் காபி கொடுக்கிற தைரியம் வருஷம் பூராவும் வேண்டியிருக்கிறது.