ஏரியில் விழுந்த வண்டி

ஜமுனாமரத்தூர் ஏரிக்கரை, தை மாதக் காலை. பஸ் வர நேரமிருக்கிறது. கரையோரத் தண்ணீரில் ஒரு மாட்டுவண்டியின் நுகத்தடி மட்டும் வெளியே தெரிகிறது. மழையில் சறுக்கி விழுந்ததாம்; மாடுகள் பிழைத்துக்கொண்டன. வண்டிக்காரர் அதனருகே தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வண்டியை இழுக்க அவருடைய மருமகன் ஆட்களோடு வரப்போகிறாராம். அவர்களுக்குக் குழம்பு வைக்க மீன் வேண்டும்.

“இவ்வளவு பெரிய ஏரியில் இங்கேயே ஏன்?” என்கிறேன்.

“நடுவுல இன்னா சார் இருக்குது? குளிருக்கு விராலு சக்கரத்து சந்துலதான் ஒண்டிக்கும்.”

தூண்டில் வெடுக்கென்று இழுபடுகிறது. முழங்கை நீள விரால் ஒன்று கரையில் துள்ளுகிறது. சற்று நேரத்தில் இன்னொன்று.

கயிற்றுச் சுருளும் ஆட்களுமாக மருமகன் வந்து நிற்கிறார். “எறங்கட்டுமா மாமா?”

மாமனார் மீன்களைப் பார்க்கிறார், நுகத்தடியைப் பார்க்கிறார்.

“வண்டி அங்கியே கெடக்கட்டும் மாப்ள. வூட்டுக்குப் போய் மொளகா அரைக்கச் சொல்லுங்க.”