தடியில் ஏறிய றீற்றா

ரொக்ஸ்பரோவில் எங்கள் வீடு மேல்மாடியில். ஒரு சனிக்கிழமை காலை தேத்தண்ணியோடு நிற்கையில் யன்னலுக்கு வெளியே ஒரு முகம் வந்து, "பொன்ஜூர், றீற்றா எழும்பிவிட்டாளா?" என்று பிரெஞ்சில் கேட்டது. என் மனைவி றீற்றாவோடு புவாண்ட்-கிளேர் கிடங்கில் வேலை செய்யும் குளோரியா, திரினிடாட் தீவுக்காரி. காலில் ஆளுயரத் தடிகளைக் கட்டிக்கொண்டு, ஓரிடத்தில் நிற்காமல் மிதித்துக்கொண்டே இருந்தாள். அவர்களுடைய கார்னிவலில் இப்படி நடப்பவர்களுக்கு மோக்கோ ஜம்பி என்று பெயர். ஆபிரிக்காவிலிருந்து கடலை நடந்தே கடந்த காவல் ஆவியாம். களவாய் ஆள் ஏற்றும் ஏஜென்சிக்காரனுக்குப் பின்னால் நாலு நாடு அலைந்து வந்தவன் நான். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கும் என்னைப் போலச் சிரிப்புத்தான் வரும்.

சிரித்து முடிய முதலே றீற்றாவும் தடியில் நடக்கப் பழகத் தொடங்கிவிட்டாள். நாற்பத்தெட்டு வயது, முழங்காலில் நோ, ஊரில் சைக்கிள் ஓடவே பயந்த மனுசி.

"விழுந்து இடுப்பு முறிஞ்சால் நான் பாக்கமாட்டன்" என்றேன்.

"நீங்கள் பாக்க வேண்டாம். குளோரியா பாப்பாள்" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயில் சனம் என்னை வாசலில் மறித்தது. "உங்கட மனுசி தடியில ஏறிட்டாவாமே, அண்ணை?" பிறத்தியார் வீட்டுக் கதை என்றால் இந்தச் சனத்துக்குப் பனியும் குளிராது.

கார்னிவல் ஊர்வலத்தன்று டவுன்டவுனுக்குப் போனேன். பார்க்க அல்ல, மறிக்க. ஆடுபவர்களைச் சுற்றிவரக் கயிறு பிடித்து வந்தார்கள். அதற்குள்ளே மஞ்சள் காற்சட்டையில், தெருவிளக்கை எட்டுகிற உயரத்தில் றீற்றா. நடைபாதையில் அதே கோயில் சனம் போனை நீட்டிப் படம் பிடித்தது. மானம் போகிற ஆத்திரத்தில் கயிற்றுக்குக் கீழால் புகுந்து அவளுடைய ஒரு தடியைக் கட்டிப் பிடித்தேன்.

"நில்லும். இறங்கும் கீழ."

"விடுங்கோ. நிண்டால் விழுந்துடுவன்."

மேலே அவளுடைய கைகள் இரண்டும் காற்றைத் தேடின. தடி என் பிடிக்குள் நடுங்கியது. அவளை விழுத்தாமல் நிறுத்த வழியில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடைபாதையைப் பார்த்தேன். ஒருவரும் ஓடி வரவில்லை. விழட்டும் என்று போன்களைப் பிடித்தபடி நின்றார்கள். அந்த முகங்களுக்காகவா இவளைப் பிடித்தேன் என்று என்மேலேயே அருவருப்பு வந்தது. விட்டேன். இரண்டு எட்டுத் தள்ளாடி நிமிர்ந்தவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

கயிறு பிடித்திருந்த பெண் ஒருத்தி, கயிற்றுக்கு உள்ளேயா வெளியேயா என்று பிரெஞ்சில் கேட்டாள். உள்ளே தடியாட்டம், வெளியே அந்தச் சனம்; எனக்கு இரண்டு பக்கமும் வெறுத்திருந்தது. அவளோ கயிற்றின் ஒரு முனையை என் கையில் திணித்தாள். கோயில் சனம் இப்போது என்னையும் படம் பிடிக்க, கயிற்றைப் பிடித்துக்கொண்டு றீற்றாவின் தடிகளுக்குப் பின்னால் நடந்தேன்.