டியூபில் பிடித்து வந்த நைட்ரஜன்

காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடி அறையில் சங்கிலியில் கோக்கும் ரெசின் டாலர் செய்து விற்கிறேன். தேன்போல இருக்கும் ரெசின் பிசினுக்குள் பூவோ முடியோ வைத்து, புற ஊதா விளக்கடியில் காட்டினால் சில நிமிடங்களில் கண்ணாடிபோல் இறுகிவிடும். அப்படித்தான் நம்பியிருந்தேன்.

கல்லூரியில் வேதியியல் நடத்தும் ஒரு அக்கா, தன் மகளின் முடியைக் கொண்டுவந்து கொடுத்தார். குறைமாதத்தில் பிறந்து, பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்த பிள்ளை. குன்றக்குடி முருகன் கோயிலில் முதல் மொட்டை போடும் முன் வெட்டி எடுத்த ஒரு சுருள்.

"இது ஒண்ணுதான் இருக்கு. பாத்துச் செய்யுங்க" என்றார்.

சுருளை வைத்து ஊற்றிய டாலர் உள்ளே நன்றாக இறுகியது. மேலே மட்டும் பிசுபிசுப்பு. மறுபடி விளக்கில் வைத்தேன். புது விளக்கே வாங்கிப் பார்த்தேன். அப்போதும் தொட்டால் கையுறையின் தடம் பதிந்தது. ஸ்பிரிட்டால் துடைக்கப்போய் ஓரத்தில் வெள்ளை பூத்துவிட, பயந்து நிறுத்தினேன். அடுத்தவர் பிள்ளையின் முடி; வேறு சுருளுக்கு எங்கே போவது? அடுத்த இரண்டு நாளும் அக்கா போனில் கூப்பிட்டபோது எடுக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை அவரே வந்துவிட்டார். எடுத்து நீட்டினேன்.

"கெடுத்துட்டேங்க்கா."

விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இதுக்குப் போயி ஏன் இப்படிப் பயந்தீக? உள்ள கல்லு மாதிரி இருக்கே. காத்துல உள்ள ஆக்சிஜன் மேல்பக்கத்தை மட்டும் இறுக விடாது. அதை விரட்டிட்டாப் போதும்."

"காத்தை எங்குட்டுக்கா விரட்டுறது?"

"ஒரு டப்பாக்குள்ள வச்சு நைட்ரஜனை விடுவோம். டயர் கடையில அடிக்கிறாகள்ல?"

புது டியூப் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் டயர் கடையில் நீட்டினோம். "வண்டி எங்கம்மா?" என்றார் கடைக்காரர்.

"வண்டிக்கு இல்லண்ணே, டாலருக்கு" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிரப்பிக் கொடுத்தார். ஸ்கூட்டியில் என் பின்னால், டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா உட்கார்ந்து வந்தார்.

கண்ணாடி மூடி போட்ட டப்பாவில் இரண்டு துளை போட்டேன். டாலரின் மேல் மெல்லிதாக இன்னொரு பூச்சு கொடுத்து உள்ளே வைத்தேன். ஒரு துளை வழியாக நைட்ரஜன் நுழைய, இருந்த காற்று மற்றதன் வழியாக வெளியேறியது. சற்றுப் பொறுத்து, டியூபை அமுக்கிப் பிடித்தபடியே விளக்கைப் போட்டோம்.

திறந்ததும் அக்கா நகத்தால் தட்டினார். டக் டக்கென்று சத்தம். புதுப் பூச்சில் வெள்ளை பூத்த இடமும் தெளிந்துவிட்டது. முடிச் சுருள் பளிச்சென்று தெரிந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "எந்திரிங்க, பசிக்குது" என்றார் அக்கா. இரண்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.