எனக்கு அவகாசம் இல்லை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் முன்னால் வாய் திறக்கத்தான் கூச்சம். காகிதத்தின் முன்னால் அவ்வளவு இல்லை.

எங்கள் தெரு கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து வரும் தூரம். என் வீட்டை ஒட்டி ஒரு காலி மனை, அதன் ஓரத்தில் ஒரு மாமரம். அந்த மனையை, கழக்கூட்டம் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பெண் வாங்கி, மூலைக்கு மூலை கம்பு நட்டுக் கயிறு கட்டினாள். மாடி வீடு வரப்போகிறதாம். அன்றைக்கே தெருவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது.

"காத்து அடைச்சுப்போவும்" என்றார் முனைவீட்டு அண்ணாச்சி. அவருடைய கார் நிற்பது அந்த மாமர நிழலில். "எனக்குத் தூசி ஆகாது, கேட்டேளா" என்றாள் எதிர்வீட்டு டீச்சர். அவள் துணி காயும் கொடியின் ஒரு முனை அந்த மாமரத்தில். பின்தெருவில் இருக்கும் பால் பூத்துக்கு நான் போவதும் அந்த மனையின் குறுக்கேதான். கல்யாணமாகி வந்த நாள் முதல் அப்படித்தான்.

அண்ணாச்சியும் டீச்சரும் கார்ப்பரேஷன் ஆபீசில் போய்ப் புகார் சொன்னார்கள். காற்றும் தூசியும் அங்கே எடுபடவில்லை. அப்போதுதான் அண்ணாச்சிக்கு என் கால்கள் ஞாபகம் வந்தன.

"மதினி, நீங்க காலாகாலமா அதுவழிதானே நடக்கிய! அதுக்கு வழி அவகாசம்னு பேரு. நடுவால வழி போனா அந்தப் பிள்ள எங்க கொண்டு வீட்டக் கட்டும்? ஆபீசர் வந்து கேப்பாரு. அவகாசம் உண்டுன்னு சொல்லுங்க. அம்புட்டுதான்."

அவகாசம் என்றால் தமிழில் நேரம், மலையாளத்தில் உரிமை. இந்த மலையாள ஊரில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இரண்டும் தெரியும். என் வீட்டுக்காரர் ஆரியசாலையில் மிளகாய் வற்றல் கடை வைத்திருந்தவர். கடையில் பகலெல்லாம் கேட்ட மலையாளம் ராத்திரிச் சாப்பாட்டோடு வீட்டுக்கும் வந்துவிடும்.

நான் தலையாட்டினேன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது என் சுபாவம்.

அந்த வாரமே அந்தப் பெண்ணும் வந்தாள்.

"ஆச்சி, பெர்மிட் கிடைக்கலேன்னா லோன் நின்னுபோகும். இடத்த வித்துர வேண்டியதுதான்."

"அம்மா கூடவா இருக்கா?" என்று கேட்டேன். வேறு என்ன பேசுவது?

"ஆமா ஆச்சி. இப்ப ஃபிளாட்ல மூணாவது மாடி. அம்மாவுக்கு முட்டு வலி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் கீழ எறங்குவா. பேச ஆளு வேணுமேன்னு ஜன்னல்ல நின்னுக்கிட்டு கீழ போற காய் வண்டிக்காரன்கிட்ட வெண்டைக்காய்க்கு பேரம் பேசுவா. அவன் எறக்கிக் குடுத்தா, 'நேத்தே வாங்கிட்டேன்'ம்பா."

அந்த அம்மாளை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. பெண் இரண்டாவது காப்பியும் கேட்டு வாங்கிக் குடித்தாள். அவளுக்கும் தலையாட்டி அனுப்பினேன்.

ஆபீசர் வரும் நாளன்று அண்ணாச்சி விடிந்ததும் காரை எடுத்துவிட்டார். டீச்சர் கொடியை அவிழ்த்தாள். மனை துடைத்துவைத்த மாதிரி இருந்தது, மாமரக் கிளையில் மாட்டிக்கொண்ட ஒரு ஊதா உள்பாவாடையைத் தவிர. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஆபீசர் மலையாளி. அண்ணாச்சி என்னை முன்னால் தள்ளினார்.

"அம்மே, இவிடே அம்மைக்கு வழி அவகாசம் உண்டோ?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"எனக்கு அவகாசம் இல்ல சாரே. அடுப்புல சாம்பார் கெடக்கு."

அவர் எழுதிக்கொண்டார்.

அண்ணாச்சி குதித்தார். "சாரே, சாரே! அது தமிழ் அவகாசம்! நேரம் இல்லேன்னு சொல்லுதா!"

"அம்ம பறஞ்ஞல்லோ, அவகாசம் இல்லா என்னு" என்றார் ஆபீசர். "சாம்பாறினு எந்தா வழி அவகாசம்?"

"மதினி, நீங்க சொல்லுங்க!"

நான் வீட்டுக்குள் போய்விட்டேன். சாம்பார் இருக்கிறதே. ஜன்னல் வழியே ஆபீசர் குரல் மட்டும் கேட்டது: "ஈ பாவாட ஆருடெயா?" டீச்சர் வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மனையில் வீடு வந்துவிட்டது. அந்தப் பெண் என் பக்கமாக ஒரு ஓரம் விட்டுத்தான் கட்டியிருக்கிறாள். எந்த அவகாசமும் இல்லாமல் அதுவழியே பாலுக்குப் போய்வருகிறேன். அவள் அம்மா தன் அடுக்களை ஜன்னலில் நின்று என் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, நான் நறுக்கும் வெண்டைக்காய்க்கு விலை கேட்கிறாள். காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை பேச்சு. இப்போது எனக்கு நிஜமாகவே அவகாசம் இல்லை.

அண்ணாச்சி காரை வெயிலில் நிறுத்திப் பழைய போர்வையால் மூடுகிறார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க மதினி, தெரிஞ்சா சொன்னிய?" என்பார். நான் தலையாட்டுவேன். அது ஆமாவா இல்லையா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அன்றைக்கு அடுப்பில் இருந்தது சாம்பார்தானா, இல்லை அதைக் காலையிலேயே இறக்கிவைத்துவிட்டேனா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. பாவாடை ஊதாவா நீலமா என்பதும் சந்தேகம். தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அண்ணாச்சியிடம் மட்டும் கேட்க வேண்டாம்.