புதன்கிழமை நேர்த்தி

ஓய்வு பெற்றவனை வீட்டில் நிம்மதியாக இருக்க விடுவது எங்கள் கல்லூரியின் வழக்கமில்லை. வணிகக் கல்வி படிப்பித்து ஓய்வு பெற்றபின் சில மாதங்கள் மனைவிக்குச் சமையல் படிப்பிக்கப் பார்த்தேன். "இவரைத் திரும்ப எடுங்கோ" என்று அவளே அதிபரிடம் கேட்டிருப்பாளோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். வாரத்தில் இரண்டு நாள் வருகை விரிவுரையாளராகப் போகத் தொடங்கினேன். போனவனைப் பிடித்து ஊழியர் நலன்புரிச் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். ஆக வயது கூடியவர், ஆக வேலை குறைந்தவர் என்ற இரண்டு தகுதியும் வேறு யாருக்கும் ஒன்றாக வாய்க்கவில்லை.

சிலாபத்திலிருந்து புத்தளம் போகிற பாதையில், கடல் காற்று நேராக வந்து அடிக்கிற ஒரு தொழில்நுட்பக் கல்லூரி அது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் படிப்பிக்கிறோம். சாப்பாட்டு நேரம் வந்தால் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவோம். சண்டை ஒன்றும் இல்லை, வெறும் பழக்கம்தான். ஒருவருடைய கறி மணம் இன்னொருவருக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்பது வெளியில் சொல்லுகிற காரணம்.

போன வருடம் மேலிடத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது. ஊழியர்களின் நல்வாழ்வுக்காகவும், ஒருவரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வதற்காகவும், புதியன கற்பதற்காகவும் ஒரு நாள் நிகழ்ச்சி நடத்த வேண்டும். நடத்தியதற்குப் படங்களும் அனுப்ப வேண்டும். அதுவரை எங்களை நலமாக இருக்கும்படி யாரும் உத்தரவிட்டதில்லை. நலன்புரிச் சங்கத் தலைவர் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். ஒலிவாங்கி என்றால் எனக்குக் கொஞ்சம் ஆசை அதிகம்.

பகல் சாப்பாட்டுக்குச் சஹன் வைப்போம் என்பது என்னுடைய யோசனை. இந்தப் பக்கத்து முஸ்லிம் கலியாணங்களில் பாயில் ஆறு பேரை வட்டமாக இருத்தி, நடுவில் ஒரு பெரிய தட்டில் சோறு வைத்து மூடிக்கொண்டு வந்து வைப்பார்கள். அதுதான் சஹன். ஆறு பேரும் அந்த ஒரே தட்டில் தங்கள் தங்கள் பக்கத்திலிருந்து கையால் அள்ளிச் சாப்பிட வேண்டும். ஆறு பேர் நிரம்பும்வரை மூடியைத் திறக்க மாட்டார்கள். எல்லோரையும் சேர்ப்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று கூட்டத்தில் அழகாகப் பேசினேன். கைதட்டினார்கள்.

மாட்டிறைச்சி வேண்டாம், கோழி மட்டும் என்று நான் சொன்னதும் சமையல்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாடில்லாத சஹனா சேர்? சரி, ஒங்கட ஆசை. சோத்தை மூடித்தானே வைப்போம், வெளியில தெரியாது."

மரக்கறிக்காரருக்கு ஒரு சஹன் தனியாக. பெண்கள் தங்களுக்குப் பக்கத்து அறை போதும் என்று சொல்லிவிட்டார்கள். "ஆம்பிளையள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டா எங்கட நல்வாழ்வு கெட்டுப் போகும்" என்றார் நூலகப் பொறுப்பாளர்.

நிகழ்ச்சிக்குச் சில நாள் முந்திக் கணித விரிவுரையாளர் என் அறைக்கு வந்தார். மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது பெற்றோரோடு இந்தக் கரைக்கு வந்து, அகதி முகாமில் இருந்து படித்து, எங்கள் கல்லூரியிலேயே ஆக நன்றாகப் படிப்பிப்பவர் என்று பெயர் எடுத்தவர். அவருடைய இரண்டு கைகளிலும் ஒரு தோல் வியாதி. தோல் தடித்துச் சிவந்து, வெள்ளைச் செதிளாக உதிரும். ஒட்டாத வியாதி. அதை டொக்டர் சொல்லியிருக்கிறார், அவரும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நாங்கள் எல்லோரும் தலையாட்டி ஏற்றுக்கொண்டோம். ஆனாலும் அவர் தந்த மார்க்கர் பேனையை நான் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் துடைத்துவிட்டுத்தான் எழுதுவேன். அவர் பார்க்காத நேரமாகப் பார்த்துத் துடைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தன் பார்சலைத் தன் அறையில் தனியாகத்தான் சாப்பிடுவார். அவராக விரும்பித் தனியே இருக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். வசதியான பேச்சு.

அன்றைக்கு அவர் கதிரையின் நுனியில் இருந்தார். "சேர், மகளுக்குக் கலியாணம் சரி வந்திட்டுது."

"சந்தோஷம் தம்பி! மாப்பிள்ளை எந்த ஊர்?"

"கற்பிட்டி. நல்ல ஆக்கள். நிகாஹ் முடிஞ்சதும் மாப்பிள்ளைட வாப்பாவோட, அவங்கட பெரியாக்களோட, முதல் சஹன்ல நான் இரிக்கணும். பொண்ணுட வாப்பா இரிக்காட்டி அது பெரிய குறை." தன் கைகளை ஒருமுறை பார்த்தார். "நான் சஹன்ல இரிந்து எத்தனையோ வருஷம் சேர். கலியாண வீட்டுக்குப் போனா ஏதும் சாட்டுச் சொல்லிட்டு வந்திடுவேன். இது எண்ட புள்ளைட கலியாணம், ஓடேலாது. அதுதான், முதல்ல நம்மட ஆக்களோட இரிந்து பாப்பம் எண்டு."

"கட்டாயம் இருக்க வேணும்!"

"நீங்க பக்கத்தில இரிப்பீங்களா சேர்? நீங்க இரிந்தா மத்தவங்க ஒண்டும் சொல்லமாட்டாங்க."

"ஓம் தம்பி. நான் பக்கத்தில இருப்பன்" என்றேன். சொன்ன நேரத்தில் அது பொய்யில்லை.

நிகழ்ச்சி நாள் வந்தது. நல்வாழ்வுப் பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்தார். ஓட்டச் சப்பாத்தும், எங்களைப் பார்த்துக் குறையாத புன்னகையும். எல்லோரையும் கண்களை மூடி, ஆழமாக மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் கருவாடு காயப்போடுகிற வாடி என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. முழு ஊழியரும் கண்ணை மூடிக் கருவாட்டை ஆழமாக உள்ளே இழுத்தோம். "இப்போது என்ன உணர்கிறீர்கள்?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து வெல்டிங் ஆசிரியர், சிலாபத்துச் சிங்களவர், எங்களைவிட நன்றாகத் தமிழில் பகிடி விடுகிறவர், "பசிக்குது மிஸ்" என்றார். அதன்பிறகு பிரஷர் பார்த்தார்கள். அதிபருக்குத்தான் ஆகக் கூட. அன்றைய செலவெல்லாம் அவர் கையெழுத்தில் போனதாலாக இருக்கலாம். பிறகு ஒருவர் மொழியில் மற்றவர் நலம் விசாரிக்கப் பழகினோம். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, ஒரே தட்டில் உண்பவர் ஒரே குடும்பம் என்று கொஞ்ச நேரம் பேசினேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

சஹனுக்கு ஆட்களைப் பிரிக்க ஒரு பையில் பல நிற நாடா போட்டிருந்தோம். விழுந்த நிறத்தை மாற்றக்கூடாது என்று நானே இரண்டு மொழியிலும் அறிவித்தேன். கணித விரிவுரையாளருக்கும் எனக்கும் நீலம் விழும்படி முன்னமே ஒழுங்கு செய்திருந்தேன். அவ்வளவு நல்லவனாக இருந்தேன்.

நீல வட்டத்தில் ஆறு பேரும் இருந்தோம். அவர் என் வலப்பக்கம். எனக்கு இடப்பக்கம் வெல்டிங் ஆசிரியர். எதிரில் இரண்டு இளம் விரிவுரையாளர்களும் ஒரு கிளாக்கரும். நடுவில் மூடிய சஹன். நெய்ச்சோற்று மணம் மூடியைத் தாண்டி வந்தது. பரிமாறுகிறவர் கெண்டியும் கோப்பையுமாகக் கை கழுவத் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார். கணித விரிவுரையாளர் சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். கலியாணக் கவலையோ என்னவோ, வியாதி அந்த நாட்களில் கூடியிருந்தது. விரல் இடுக்குகளில் வெடிப்பு. தண்ணீர் பட்டதும் வெள்ளைச் செதிள்கள் கோப்பையில் விழுந்து மிதந்தன. அடுத்து அந்தக் கோப்பை எனக்கு நேரே வந்தது.

நான் எழும்பிவிட்டேன்.

யோசித்து எழும்பவில்லை. எழும்பின பிறகுதான் காரணம் தேடினேன். "அடடா, மறந்தே போனன். எனக்கொரு நேர்த்தி. முன்னேஸ்வரம் கோயிலுக்கு. மச்சம் மாமிசம் தொடக்கூடாது" என்றேன்.

"புதன்கிழமையில என்ன நேர்த்தி சேர்?" என்று கேட்டார் வெல்டிங் ஆசிரியர்.

"நேர்த்திக்குக் கிழமை இல்லை" என்று சொல்லிவிட்டு மரக்கறிச் சஹனுக்குப் போய் இருந்தேன். அங்கே எனக்கு உடனே இடம் கிடைத்தது. வயதுக்கு மரியாதை.

நான் எழும்பியதுதான் மற்றவர்களுக்கு வழிவிட்டது. வெல்டிங் ஆசிரியருக்குத் தன் காஸ்ட்ரிக் வயிற்றெரிச்சல் ஞாபகம் வந்தது. இளம் விரிவுரையாளரில் ஒருவருக்குக் கொழும்பு விருந்தாளியைக் கவனிக்க வேண்டியிருந்தது. நீல வட்டத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். மற்றச் சஹன்கள் திறந்து ஆவி பறந்தது. அந்த ஒன்று மட்டும் மூடியபடி இருந்தது. பரிமாறுகிறவர் கலியாண வீட்டுப் பழக்கத்தில் மண்டபம் முழுக்கக் கேட்கக் கூவினார்: "நீலத்துக்கு மூணு ஆள் குறையுது! மூணு ஆள் வாங்க!"

வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவரும் அசையவில்லை. மறுபடியும் கூவினார். நான் என் பக்கத்துப் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணித விரிவுரையாளர் சிரித்தபடி எழும்பினார். "நான் எழும்புறேன். அப்ப ஆள் சேரும்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, கணக்கின் விடையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். விடை சரி. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் நீல வட்டம் நிரம்பிவிட்டது. வெல்டிங் ஆசிரியரின் வயிற்றெரிச்சலும் மாறி, அவர் பழைய இடத்திலேயே வந்து இருந்தார். மூடி திறந்தது.

பின்னேரம் கணித விரிவுரையாளரின் அறைக்குப் போனேன். பார்சலைச் சாப்பிட்டு முடித்து, தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு நேர்த்தி ஒன்றும் இல்லை."

"தெரியும் சேர். பத்து மணித் தேத்தண்ணிக்கு மீன் வச்ச மாலுபாண் தின்னீங்கதானே. நான்தான் தந்தேன். கடுதாசில சுத்தித் தந்தேன், அப்பதான் தின்னுவீங்க எண்டு."

லேஞ்சி விஷயமும் அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. "மன்னிக்க வேணும்" என்றேன்.

"எதுக்கு சேர்? நான் ட்ரையல் பாக்கத்தானே வந்தேன். ரிசல்ட் வந்திட்டுது." பிறகு, என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், "இரிங்க சேர். பருப்பு நல்லா இரிந்திச்சா?" என்று கேட்டார்.

வீட்டில் மனைவி பாரைக் குழம்பு வைத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். சுவாமி பேரில் பொய் சொன்னதற்குத்தான் திட்டுவாள் என்று நினைத்தேன். "சாமி தாங்கிக் கொள்ளுவார். அந்த மனுசன்?" என்று கேட்டுவிட்டு மீன் சட்டியை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

கலியாணத்துக்கு எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. எல்லோரும் போனோம். நிகாஹ் முடிந்து சாப்பாட்டுக்குப் போனபோது பாய் ஒன்றும் விரித்திருக்கவில்லை. நீளமான மேசைகளில் சோறும் கறிகளும் வரிசையாக இருந்தன. ஆளுக்கொரு தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி. பஃபே. எங்கள் கூட்டத்துக்குப் பெரிய சந்தோஷம். நாகரிகமாகச் செய்திருக்கிறார், சுத்தமான முறை என்று புகழ்ந்தார்கள். வெல்டிங் ஆசிரியர் இரண்டாம் முறையும் வரிசையில் நின்றார்.

எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், விரிவுரையாளருக்கு மாமா முறை, கோபத்தில் இருந்தார். "சஹன் இல்லாத கலியாணம் எங்கயாச்சும் கண்டிருக்கீங்களா? அகதியா வந்து ஓலைக் கொட்டிலுக்குள்ள இரிந்தப்பகூடச் சஹன் வச்சுத்தான் கலியாணம் முடிச்சோம். இவன் படிச்சவன், எங்களைப் பெற்றோல் கியூவில நிக்கிற மாதிரி நிக்க வச்சிட்டான். காரணம் கேட்டா, 'இப்ப இதுதான் மாமா ஃபேஷன்' எண்டு சிரிக்கிறான்."

காரணம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அதைச் சொல்லுகிற உரிமை என்னுடையதில்லை என்று அப்போது சமாதானம் செய்துகொண்டேன். இப்போது யோசித்தால் வெறும் பயம்.

கணித விரிவுரையாளர் மாப்பிள்ளையின் வாப்பாவோடு மண்டபத்தின் மற்றக் கரையில் நின்று, தட்டைக் கையில் பிடித்தபடி கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நன்றாகச் சிரித்துக் கதைத்தார். யாரும் விலகவில்லை, விலக வேண்டிய தேவையும் இல்லாதபடிதான் எல்லாம் ஒழுங்கு செய்திருந்தார். மகளின் கலியாணத்தில் எந்த இடத்தில் இருந்து சாப்பிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரோ அந்த இடத்தையே எடுத்துவிட்டுத்தான் அந்தச் சிரிப்பை வாங்கியிருந்தார்.

விடைபெறும்போது பக்கத்தில் போனேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தேன். சொரசொரப்பாகவும் சூடாகவும் இருந்தன. அவ்வளவுதான். இதற்காகவா என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"தம்பி, ஒரு நாளைக்கு உங்கட வீட்டுக்குச் சாப்பிட வரட்டா? ஒரே தட்டில?"

அவர் கையை இழுக்கவில்லை. "வாங்க சேர். ஒரு ஞாயித்துக்கிழமையில வாங்க" என்றார்.

எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை. அதைக் கேட்கிற துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.