தாடியோடு கயிறு பிடித்த நாள்

ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் தினமும் காலையில் சவரம் செய்யாமல் இருக்க முடிவதில்லை. "ஸ்ரீரங்கத்து வீட்டை விட்டு எங்கயும் போறதில்ல, யாருக்கு இந்த அலங்காரம்?" என்று மனைவி கேட்பாள். அவளுக்கும் காரணம் தெரியும்.

தீயணைப்பு நிலையத்தில் எனக்கு ஒரு ஜோடி இருந்தான். டூட்டிக்கு வந்ததும் அவன் மாஸ்க்கின் வாரை நான் இழுத்துப் பார்ப்பேன், என்னுடையதை அவன் பார்ப்பான். தன்னுடையதைத் தானே பார்த்துக்கொள்வது எங்கள் வழக்கமில்லை. அந்தக் காலை நேரங்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

மனைவியின் பிரசவத்துக்காகச் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டு தாடி வளர்த்தேன். வாரைப் பார்க்க வந்தவன் நேரே அதிகாரியிடம் போய், "சார், தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது, புகை உள்ள போயிடும். இவனை அனுப்பாதீங்க" என்றான். விதி எனக்கும் தெரியும். ஆனால் அதை அவனா சொல்வது? முறுக்கிக்கொண்டேன். ஒன்பது நாள் பேசவில்லை. தீப்பிடித்த இடத்தின் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்கள் வழி தெரிந்து திரும்பக் கட்டிக்கொண்டு போகும் கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பதுதான் என் வேலை என்றாகிவிட்டது.

பத்தாம் நாள் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கிடங்கில் தீ. அவனும் இன்னொருவரும் கயிற்றோடு உள்ளே போனார்கள். ஒரு இழுப்பு வந்தால் நலம் என்று அர்த்தம். பதிலுக்கு நானும் ஒன்று இழுக்க வேண்டும். வாயால் பேசாதவன் கயிற்றால் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று இழுப்பு நின்றது. நான் இழுத்தேன். பதில் இல்லை. கயிறு எங்கோ மாட்டியிருந்தது. என்னை அறியாமல் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன்.

"கயித்தை விட்டா அவங்களுக்கு வழி ஏதுய்யா? நில்லு" என்றார் அதிகாரி.

நின்றேன். வெளியே தயாராக இருந்த இரண்டு பேர் என் கயிற்றைத் தடவிக்கொண்டே புகைக்குள் போனார்கள். பாழாய்ப்போன ரோஷம், ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன்.

நாலு பேரும் வெளியே வந்தார்கள். சரிந்த சேலைக் கட்டுகள் கயிற்றையும் அவன் காலையும் அமுக்கியிருந்தனவாம். மாஸ்க்கைக் கழற்றியதும் அவன் முதலில் பார்த்தது என் கையைத்தான். கயிறு அதில் இருந்தது.

"ரொம்ப பயந்துட்டேன்டா" என்றான். "கால் மாட்டினதுக்கு இல்ல. நீ தாடியோட உள்ள வந்துடுவியோன்னு."